தலைக்குக் குளித்துவிட்டு வாருங்கள்

ஓய்வு பெற்றால் நிம்மதியாக உட்காரலாம் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. எனக்கு உட்காரவே வரமாட்டேன் என்கிறது. வீட்டுக்கு யாராவது வந்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தலையைப் பார்க்கிறேன். எண்ணெய் வைத்திருக்கிறார்களா, முடி அடர்த்தியா, வகிடு எங்கே போகிறது என்று கண் தானாக ஓடுகிறது. பஸ்ஸில் முன் சீட்டில் இருப்பவரின் பின்மண்டையில் எங்கே எலக்ட்ரோடு ஒட்டலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிடுகிறேன். திருப்பூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் ஈ.ஈ.ஜி. எடுக்கும் வேலையில் இருந்தவள் நான். மூளையில் ஓடுகிற மிக நுண்ணிய மின்சாரத்தைத் தலைக்கு மேலிருந்தே பிடித்துக் கோடுகளாகப் பதிவு செய்கிற பரிசோதனை அது.

என் இடத்துக்கு இப்போது பவித்ரா வந்திருக்கிறாள். சில நாள் முன்பு போன் செய்தாள். கிளினிக்கில் புதிதாக ஒரு மென்பொருள் போட்டிருக்கிறார்களாம். பதிவைத் தானே படித்து, சந்தேகமான இடங்களுக்கு நிறம் பூசிக் காட்டுகிறதாம். "இனிமே நம்ம கண்ணுக்கு வேலை இல்லீங்க அக்கா. அந்த மெஷினுக்குச் சிக்காத கேஸ் ஏதாச்சும் பார்த்திருந்தா எழுதிக் குடுங்களேன்" என்றாள். உனக்கு வேலையே பிடிபடவில்லை என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். மறுநாளே எழுத உட்கார்ந்தேன், நாலு வரிக்கு ஒரு தடவை எழுந்து எழுந்து நடந்தபடி.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தூத்துக்குடிப் பக்கம் சொந்த ஊர். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி. அங்கே ஒரு மேடம் என் விரலில் ஸ்கேலால் அடித்தே தலையை அளக்கக் கற்றுக்கொடுத்தார். மூக்குத் தண்டின் பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடு வரை ஒரு அளவு, காதிலிருந்து காது வரை ஒரு அளவு, அதைப் பங்கு போட்டு ஒவ்வொரு இடமாகப் பென்சிலால் குறிக்க வேண்டும். கல்யாணமானது. கணவருக்கு இங்கே பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் வேலை. வந்து சேர்ந்தேன். திருப்பூர் ராயபுரத்தில் அப்போதுதான் கிளினிக் திறந்திருந்த டாக்டர் ஒரு ஆள் தேடிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், அப்புறம் வேறு இடம் பார்க்கவே இல்லை.

டாக்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மனுஷர் உட்காரமாட்டார். நோயாளி நாற்காலியில் இருப்பார், இவர் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருப்பார். என் பதிவைக் கொண்டுபோய் நீட்டினால் கையில் வாங்காமல், "வெச்சுட்டுப் போங்க எஸ்தரம்மா, முதல்ல கதையைக் கேட்டுக்கறேன்" என்பார். வலிப்பு வந்த கதையை ஒரு முறை சொல்லச் சொல்வார். குறுக்கே பேசமாட்டார். முடிந்ததும், "இப்ப மறுபடியும் சொல்லுங்க. அன்னைக்குக் காத்தால படுக்கையிலிருந்து எந்திரிச்சதுல இருந்து" என்பார். வந்தவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கும்தான். வெளியே வரிசை நிற்கும்போது இரண்டாவது தடவை எதற்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

திருப்பூர்த் தலைகளுக்கு என்று தனிப் பாடு உண்டு. முடிக்குள் பஞ்சுத் தூசி படிந்திருக்கும். சீப்பால் வாரி எடுத்தால் பனியன் துணியின் நிறத்திலேயே வரும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எலக்ட்ரோடைப் பிடித்துவைக்கும் பேஸ்ட் ஒட்டாது, கோடு முழுக்கக் குப்பையாக வரும். அதனால் யார் நாள் கேட்டு வந்தாலும் நான் சொல்வது ஒன்றேதான். "நாளைக்குத் தலைக்குக் குளிச்சுட்டு, எண்ணெய் வைக்காம, முடியைக் காயவிட்டு வாங்க." ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளிகளுக்கு என் உடைந்த ஹிந்தியில் சொல்வேன், தலையைக் கசக்கிக் காட்டியே புரியவைப்பேன். சிரிப்பார்கள். மறுநாள் ஷாம்பு வாசத்தோடு வந்து, படுக்க வைத்ததும் குறட்டை விடுவார்கள். தூக்கத்திலும் பதிவு எடுக்க வேண்டும். ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறவர்களைத் தூங்கவைக்க எந்த மருந்தும் தேவைப்பட்டதில்லை.

கோகிலவாணியிடமும் அதையேதான் சொன்னேன்.

வேலம்பாளையத்தில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வரும் பனியன்களை மேஜையில் விரித்து, பிசிறு வெட்டி, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. நாள் முழுக்க நின்றபடி. தலைமுறை தலைமுறையாக நெசவு செய்த குடும்பம், முருகன் என்றால் உயிர். கணவர் சண்முகம், பனியன் துணியை அழுத்திச் சீராக்கும் காம்பாக்டிங் மெஷின் ஓட்டுகிறவர். சாதுவான மனுஷர், ஆனால் அன்று முகம் கடுகடுவென்று இருந்தது. பரிசோதனைக்கு இரண்டு முறை நாள் கொடுத்தும் அவர்கள் வரவில்லை. மூன்றாவது முறை வந்தார்கள். எடுத்த பதிவிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. கொஞ்சம் மந்தமான அலைகள், அவ்வளவுதான்.

"ஏனுங்க டாக்டர், இங்க வர நாள் குறிச்சாலே அன்னைக்குக் காத்தால இவளுக்கு வந்துருதுங்க" என்றார் சண்முகம். "போன ரெண்டு தடவையும் அப்படித்தான் வர முடியாமப் போச்சு. இன்னைக்கும் வந்துச்சு, தூக்கிட்டு வராத குறையாக் கூட்டிட்டு வந்தேன். சாமிக்கு இதுல இஷ்டமில்லீங்க. எங்கம்மா சொல்றதுதான் நெசம்னு இப்ப எனக்கே தோணுதுங்க."

"அம்மா என்னங்க சொல்றாங்க?"

"முருகன் வந்து எறங்குறான்னு சொல்றாங்க. மத்தபடி கிருத்திகை அன்னைக்குத்தானுங்க வரும். கண்ணு நட்டுக்கிட்டு நிக்கும், 'வந்துட்டேன், வந்துட்டேன்'னு சொல்லுவா, அப்பறம் சாஞ்சுருவா. அக்கம்பக்கத்து ஊட்டுக்காரங்க வாக்குக் கேக்க வந்து உக்காந்துக்கறாங்க. வேலையை உட்டுப்போட்டு ஊட்டுலயே இருந்து வாக்குச் சொல்லட்டும்னு சொந்தமெல்லாம் சொல்லுதுங்க. இன்னைக்கு ஒண்ணும் தெரியலைன்னா நான் மறுபடி கூட்டிட்டு வரமாட்டேனுங்க."

கோகிலவாணி தோளில் சேலையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டாள். மூடிய இடத்தில் வெந்து ஆறிய தழும்பு இருந்ததை எலக்ட்ரோடு வைக்கும்போது நான் பார்த்திருந்தேன். பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி இருந்தாள். அந்தப் பிள்ளைதான் ஒரு முறை குளியலறையில் அம்மா விழுந்து கிடந்ததைக் கண்டு கத்தியதாம்.

டாக்டர் நடந்துகொண்டே, "சரிங்க சண்முகம். இன்னைக்குக் காத்தால எந்திரிச்சதுல இருந்து மறுபடி சொல்லுங்க" என்றார்.

சண்முகம் பெருமூச்சு விட்டார். "எந்திரிச்சாங்க. வாசல் தெளிச்சா. வெந்நி வெச்சுத் தலைக்கு ஊத்துனா. உள்ளயே வந்துருச்சு."

டாக்டர் நின்றுவிட்டார். "தலைக்கு எதுக்கு ஊத்துனாங்க?"

"இந்த அம்மாதானுங்க தலைக்குக் குளிச்சுட்டு வரச் சொன்னாங்க" என்று சண்முகம் என்னைக் கை காட்டினார்.

"கிருத்திகை அன்னைக்கு?"

"விரதமுங்களே. தலைக்கு ஊத்தாம வெளக்கேத்த முடியுங்களா?"

"மத்த நாள்ல?"

"மேலுக்கு மட்டும் ஊத்திக்குவாங்க. இத்தனை முடியை வெச்சுக்கிட்டுத் தெனமும் தலைக்கு ஊத்திட்டுக் கம்பெனிக்குப் போக முடியுங்களா?"

நோயைக் கண்டுபிடிக்க வா என்று கூப்பிடும்போதே நோயைத் தூண்டிவிடுகிற காரியத்தையும் செய்துவிட்டு வா என்று சொல்லியிருக்கிறோம். சாமிக்கு இஷ்டமில்லை என்று அந்தக் குடும்பம் நினைத்ததில் என்ன தப்பு? அந்த வீட்டில் நான் இருந்திருந்தால் நானும் ஜெபம் பண்ணிக்கொண்டு வீட்டோடு இருந்திருப்பேன்.

வெந்நீர் வலிப்பு என்று ஒன்று உண்டு என்பது பாடத்தில் ஒரு வரியாகப் படித்ததுதான். டாக்டர் விளக்கினார். தலையில் சூடான தண்ணீர் விழும்போது சிலருக்கு மூளையின் ஒரு பகுதி தறிகெட்டு ஓடுகிறது. சூடு மட்டும் போதாது, தண்ணீர் விழுகிற அந்தத் தொடு உணர்ச்சியும் சேர வேண்டும் என்று தோன்றுகிறது. நம் தென்னிந்தியாவில்தான் இது அதிகம் பதிவாகியிருக்கிறது. சில குடும்பங்களில் பலருக்கு இருப்பதால் மரபணுவில் ஏதும் இருக்கிறதா என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். ஏன் இப்படி ஆகிறது என்பது முழுசாக யாருக்கும் தெரியாது என்றார்.

ஆனால் வாயால் சொன்னால் சண்முகத்தின் அம்மா நம்புவாரா? கண்ணால் காட்ட வேண்டும் என்றார் டாக்டர். தலையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டே பதிவு எடுக்க வேண்டும். மின்சாரமும் தண்ணீரும் ஒரே இடத்திலா என்று கேட்டேன். சண்முகம் கோகிலவாணியைப் பார்த்தார். அவள் அப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "எடுத்துருங்க. வாக்குச் சொல்ல என்னால உக்கார முடியாதுங்க."

அந்த நாளை நான் அங்குலம் அங்குலமாகச் சொல்வேன், பவித்ரா பொறுத்துக்கொள்ள வேண்டும். வழக்கமான பேஸ்ட் தண்ணீரில் கரைந்துவிடும். அதனால் ஒவ்வொரு எலக்ட்ரோடின் மேலும் ஒரு சிறு வலைத்துணியை வைத்து, கொலோடியன் என்ற பசையைச் சொட்டி, ஹேர் டிரையரால் காய வைத்தேன். நெயில் பாலிஷ் கடைக்குள் நுழைந்த மாதிரி ஒரு நெடி. மூச்சு முட்டியது. எல்லா வயரும் வந்து சேரும் பெட்டியை, கம்பெனியில் பனியன் பேக்கிங்குக்கு வைத்திருக்கும் பாலிபேக் உறைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு டேப் சுற்றினேன். உறைகளைக் கொண்டுவந்தது சண்முகம்தான். கம்ப்யூட்டரைச் சுவர் இணைப்பிலிருந்து பிடுங்கி பேட்டரியில் ஓடவிட்டோம். கிளினிக்கின் பின்பக்கக் குளியலறையில் ஸ்டூல் போட்டு அவளை நைட்டியோடு உட்கார வைத்தேன். ஊசி மருந்து ஏற்றித் தயாராக இருந்தது. ஆக்சிஜன் பக்கத்தில். டாக்டர் வாளியில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்துத் தலையசைத்தார்.

கோகிலவாணி வாளிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "இது பத்தாதுங்க. இன்னும் சூடு வேணும்" என்றாள். அது எனக்கு அப்போது வித்தியாசமாகப் படவில்லை. வீட்டில் ஊற்றுகிற சூட்டைத்தானே சொல்கிறாள் என்று நினைத்தேன். டாக்டர் தோலைச் சுடாத அளவுக்கு மட்டும் கொஞ்சம் கூட்டச் சம்மதித்தார்.

நான் சொம்பால் மொண்டு உச்சந்தலையில் ஊற்றினேன். கண் திரையில், கை தலையில். கோடுகள் சாதாரணமாகத்தான் போயின. மறுபடி ஊற்றினேன். மறுபடி. இடுப்பு விட்டுப்போயிற்று. ஒன்றும் வராது, மானம் போகப்போகிறது என்று நினைத்த நேரத்தில் இடது பொட்டுப் பக்கத்துக் கோடுகள் மாறின. அடுக்கடுக்காகக் கூர்மையாகி, ஒரே தாளத்தில் எழுந்து எழுந்து விழுந்தன. சொம்பை நிறுத்தினேன். கோகிலவாணியின் கை அப்படியே எழும்பி என் கையிலிருந்து சொம்பைப் பிடுங்கியது. வாளியில் மொண்டு அவளே தலையில் ஊற்றிக்கொண்டாள். கண் எங்கோ நிலைகுத்தியிருந்தது. முகத்தில் சிரிப்பு. என் வேலைக் காலத்தில் வலிப்பு வந்த முகங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு சிரிப்பை எந்த முகத்திலும் பார்த்ததில்லை. "வந்துட்டேன்" என்றாள். "வந்துட்டேன்."

வாசலில் நின்ற சண்முகம் அனிச்சையாகக் கைகூப்பிவிட்டார். பிறகு திரையைப் பார்த்தார். கூப்பிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கீழே விட்டார்.

"போதும்" என்றார் டாக்டர். பச்சைத் தண்ணீரில் நனைத்த துண்டைத் தலையில் போட்டோம். சிறிது நேரத்தில் கோடுகள் தணிந்தன. ஊசி தேவைப்படவில்லை. தெளிந்து எழுந்தவள் என்னைப் பார்த்து, "ஆச்சுங்களா?" என்று கேட்டாள். ஏதோ பஸ் வந்துவிட்டதா என்று கேட்பது போலத்தான் கேட்டாள்.

டாக்டர் சண்முகத்தைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து நின்றபடியே காட்டினார். "இதுவரைக்கும் சாதாரணம். இங்கதான் தண்ணி. இங்கிருந்து பாருங்க."

"அப்ப சாமி இல்லீங்களா?"

"சாமியைப் பத்தி இந்த மெஷினுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. தண்ணியைப் பத்தி மட்டும் சொல்லுது. இப்படியே ஊத்திக்கிட்டு இருந்தா அப்பறம் தண்ணி இல்லாமலே வர ஆரம்பிக்கலாம். ரோட்டுல வரலாம், அடுப்புக்கிட்ட வரலாம். வெதுவெதுன்னு மட்டும் ஊத்தச் சொல்லுங்க. தலைக்கு ஊத்தற அன்னைக்கு முன்கூட்டியே இந்த மாத்திரை."

அத்தோடு நின்றது. கிருத்திகைகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின, வரவில்லை. அக்கம்பக்கத்தார் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். சண்முகம் முதலிபாளையத்தில் புதுக் கம்பெனிக்கு மாறியதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, கிளினிக்குக்கே இனிப்பு வாங்கிக் கொடுத்தார். அந்தப் பதிவை டாக்டர்கள் கூட்டம் ஒன்றில் காட்டியதாகவும், பலர் அதைப் பற்றி விசாரித்ததாகவும் டாக்டர் சொன்னார். நான் கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தேன்.

பவித்ரா, நீ கேட்டது இனிமேல்தான் வருகிறது.

கொஞ்ச காலம் கழித்து மறுபதிவு எடுக்கக் கோகிலவாணி தனியாக வந்தாள். இந்த முறை பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வரச் சொல்லியிருந்தேன். தலையை அளந்து குறிக்கும்போது குனிந்தபடியே சொன்னாள்.

"அக்கா, வெந்நிதான் காரணம்னு எனக்கு முன்னமே தெரியுமுங்க."

என் பென்சில் நின்றுவிட்டது. "தெரியுமா? பெறவு ஏம்மா சொல்லாம இருந்தே?"

"சொன்னா நிறுத்திப்போடுவாங்களே." அவள் கைகள் மடியில் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன. "காத்தால எந்திரிச்சா ஊடு. ஓடுனா கம்பெனி. மேஜையில பீஸ் வந்துக்கிட்டே இருக்கும், லைன் சூப்பர்வைசர் சத்தம் போட்டுக்கிட்டே இருப்பாரு. திரும்பி வந்தா மறுபடி ஊடு. யாராச்சும் ஒருத்தர் என்னையக் கூப்புட்டுக்கிட்டே இருப்பாங்க. தண்ணி ஊத்த ஊத்த எல்லாச் சத்தமும் நின்னுருமுங்க. பயம் இருக்காது. யாரோ எனக்காகவே ரொம்ப நாளாக் காத்திருந்த எடத்துக்குப் போய்ச் சேந்த மாதிரி இருக்கும். அதான் வந்துட்டேன்னு சொல்லுவேன். தோளு வெந்தது கூடத் தெரியலைங்க."

"டெஸ்டுக்கு வர்ற அன்னைக்கெல்லாம் வந்துச்சே..."

"நீங்க கண்டுபுடிச்சுருவீங்கன்னு பயமுங்க. இதுதான் கடைசின்னு நெனச்சு நெனச்சு ஊத்திக்கிட்டேன்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பிள்ளையை வைத்துக்கொண்டு இது என்ன விளையாட்டு என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. "அப்ப ஏன் எடுத்துருங்கன்னு சொன்னே?"

"அது எனக்குன்னு மட்டும் இருந்ததுங்க. அதை வெச்சு ஊருக்கு வாக்குச் சொல்லச் சொன்னாங்க. அதுக்கு நீங்க எடுத்துடறதே தேவலைன்னு தோணுச்சு."

இதை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும், மறைக்க முடியாது என்றேன். அவள் தலையசைத்தாள். "சொல்லுங்க. அப்படியே ஒண்ணு மட்டும் அவருகிட்டக் கேட்டுச் சொல்லுங்கக்கா. அந்த எடத்துக்குப் போறதுக்கு வேற வழி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

போய்ச் சொன்னேன். டாக்டர் வியப்படையவில்லை. அவள் சொம்பைப் பிடுங்கியபோதே சந்தேகம் வந்ததாம். இப்படி வேண்டுமென்றே தூண்டிக்கொள்கிறவர்கள் உண்டு என்று படித்திருக்கிறாராம். அவளுடைய கேள்வியைச் சொன்னதும்தான் நடையை நிறுத்தினார். பிறகு நான் பார்த்தறியாத விதமாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வலிப்பு தொடங்கறப்ப சில பேருக்கு இந்த மாதிரி ஆனந்தம் வருதுங்க எஸ்தரம்மா. மூளையோட உள்மடிப்புல ஒரு எடம் அதுக்குக் காரணமா இருக்கலாம்னு இப்ப ஆராய்ச்சி பண்றாங்க. ஆபரேஷனுக்கு முன்னால அந்த எடத்துல லேசா மின்சாரம் குடுத்தப்ப ஒண்ணு ரெண்டு பேருக்கு அதே ஆனந்தம் வந்திருக்குன்னு எழுதியிருக்காங்க. அப்ப அந்த எடம் எல்லாருக்கும் இருக்குது. உங்களுக்கும் எனக்கும் கூட. எதுக்கு இருக்குது, நோய் இல்லாம எப்படிப் போறது, எனக்குத் தெரியலைங்க. தெரியலைன்னே சொல்லீருங்க."

திரும்பி வந்தேன். தலை முழுக்க என் பென்சில் குறிகளோடு கோகிலவாணி அப்படியே உட்கார்ந்திருந்தாள். டாக்டருக்குத் தெரியவில்லையாம் என்று சொன்னேன். அவளிடம் அந்த மாதிரி ஒரு பதிலைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பெண்ணுக்கு உலகத்திலேயே நிம்மதியாக இருந்த ஒரே இடத்தை நாங்கள் கண்டுபிடித்தோம், அடைத்தோம், பாராட்டும் வாங்கிக்கொண்டோம். அடைக்காமல் விட்டிருந்தால் அவள் ஒரு நாள் அந்தக் குளியலறையிலேயே செத்துப்போயிருப்பாள். இரண்டும் உண்மை. எது பெரிது என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவேன்.

"சரிங்க" என்றாள் அவள். "மாத்திரையை உடமாட்டேனுங்க, நீங்க பயப்படாதீங்க. பாப்பாவுக்கு அம்மா வேணுமில்லீங்க."

நான் முதல் எலக்ட்ரோடைக் கையில் எடுத்தேன். அவள் தலையை எனக்கு வாகாகச் சாய்த்துக் கொடுத்தாள்.

"கிருத்திகை அன்னைக்குத் தலைக்கு ஊத்தயில மட்டும் அழுகை வந்துருதுங்கக்கா. வெளிய அவரு நிக்கறாரு. சத்தம் கேக்காம இருக்கச் சொம்பு சொம்பா ஊத்திக்கிறேன். தண்ணிதான் ஆறிப்போய்க் கெடக்குது."